இரண்டு மஞ்சள் சீட்டுகள்

உங்கள் ஸ்டேஷன் காப்பி பரவாயில்லை. கவர்னர் அலுவலகத்தில் கொடுப்பது கழுநீர். அங்கே பதினோரு வருடம் பட்ஜெட் உதவியாளனாக இருந்ததில் வயிறு கெட்டதுதான் மிச்சம்.

சீட்டுகளைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நம் மாநிலத்தில், சட்டசபை நிறைவேற்றி அனுப்பும் பட்ஜெட்டில் பிடிக்காத செலவின் வரியை மட்டும் கவர்னர் அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடலாம். எழுநூறு பக்கத்தை எந்தக் கவர்னர் படிக்கிறார்? அடிக்க வேண்டிய வரியின் ஓரத்தில் நான் மஞ்சள் சீட்டு ஒட்டி, அதில் ஒரே வரியில் காரணம் எழுதி வைப்பேன். கவர்னர் ஐரீன் ஹால்வர்சன் அம்மையார் நீலப் பென்சிலோடு உட்கார்ந்து, சீட்டைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டே போவார்.

இந்த ஜூனில் மனநலப் பக்கங்களில் இரண்டு சீட்டுகளை நானாகவே ஒட்டினேன். ஒன்று, எங்கள் மாவட்டத்தில் இருந்த பன்னிரண்டு படுக்கைக் காப்பகத்துக்கு. மற்றது, யாருக்காவது மனம் கலங்கினால் நர்ஸோடு வரும் வேனுக்கு. காப்பகத்தின் சீட்டில், 'வேன் இருப்பதால் இது தேவையில்லை' என்று எழுதினேன். வேனின் சீட்டில், 'காப்பகம் இருப்பதால் இது தேவையில்லை' என்று எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் நாற்பது பக்கம் இருந்தது.

"என்ன கர்ட்டிஸ், இந்த வருஷம் ஒரே மஞ்சக் காடா இருக்கு? கை கடுத்துப்போச்சுப்பா."

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிரும் மேடம்."

"முடியணும். மீன் ஆறிப்போச்சுன்னா உன் தலையிலதான் கொட்டுவேன்."

அந்த இரண்டு செலவுகளும் அடிபட்டுப் போயின. கவர்னர் அடித்ததை மறுத்து ஓட்டுப் போட வேண்டிய சட்டசபை உறுப்பினர்கள் அதற்குள் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஏன் என்கிறீர்கள். என் தம்பி வெண்டல் அந்தக் காப்பகத்தில் இருந்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம், உறைந்த ஏரியில் மீன் பிடிக்க அப்பாவோடு பனிமேல் வண்டியிலேயே போனோம். பனி உடைந்து வண்டி மூழ்கியது. நாங்கள் இருவரும் தப்பினோம், அப்பா தப்பவில்லை. ஓட்டியது நான். ஓட்டியது வெண்டல் என்று மாவட்ட ஷெரீஃபிடம் சொன்னேன். அவனுக்குப் பதினேழு வயது, தலையில் அடி, எதுவும் நினைவில்லை. அப்பாவைக் கொன்றவன் என்று தன்னையே நம்பி நம்பி அவனுக்குப் புத்தி பேதலித்துப்போனது. எனக்கும் அதில் வருத்தம்தான்.

காப்பகத்து நர்ஸ் பெர்னடெட்டை முதலிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனால் நோட்டும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பாள். எனக்கு எதிராக என்ன எழுதுகிறாள்? ஏப்ரலில் ஒரு நாள் வெண்டல் தெளிந்த முகத்தோடு கேட்டான்.

"அண்ணா, அன்னிக்கு என் ரெண்டு கையிலயும் அப்பாவோட தெர்மாஸ் இருந்துச்சு. மூடியத் திருகிட்டிருந்தேன். காப்பி தொடையில கொட்டி சுட்டுச்சு. ஓட்டுறவன் எப்படிண்ணா மூடி திருகுவான்?"

"கனவு கண்டிருப்படா."

"கனவுல காப்பி சுடுமா சார்?" என்று பெர்னடெட் சிரித்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பல நாள் காதிலேயே இருந்தது. அவனுக்குக் குணமாகிக்கொண்டிருந்தது, அதுதான் விஷயம். வேன் நர்ஸும் பெர்னடெட்டின் சிநேகிதி. காப்பகத்தை மட்டும் மூடினால் அவள் வீட்டுக்கு வந்தும் கேட்பாள்.

செப்டம்பரில் காப்பகத்தை மூடினார்கள், வேனும் நின்றது. மற்ற பதினொரு பேர் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வெண்டலை அதே ஏரிக்கரையில் இருக்கும் என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். சர்ச்சில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். மாத்திரை தீர்ந்தது. வாங்க மறந்துவிட்டேன், நானும் மனுஷன்தானே. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவன் அந்தத் தெர்மாஸ் கேள்வியை மட்டும் மறக்கவில்லை.

நவம்பரில், ஏரியில் பனி விரல் தடிமனுக்குப் படிந்திருந்த ஒரு காலையில், மறுபடி கேட்டான்.

"என்னையே ஏன்டா நச்சரிக்கிற? போய் அப்பாவையே கேளு," என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். வெளியே குளிர் என்பதால் தெர்மாஸில் காப்பி நிரப்பி அவன் கையில் கொடுத்தேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன், அவன் ஏரிப்பக்கம் இறங்கினான். உடனே வேனுக்குப் போன் செய்தேன். நாற்பது தடவை மணி அடித்தது. ஏரியில் அசைவு நிற்கும் வரை நான் போனைக் கீழே வைக்கவில்லை.

ஷெரீஃபை ஏன் கூப்பிடவில்லை என்கிறீர்கள். மனநலப் பிரச்சினைக்கு அந்த வேனைத்தான் கூப்பிட வேண்டும் என்று அரசு அறிவிப்பே இருந்தது. நான் முறைப்படிதான் செய்தேன், போன் பதிவில் எல்லாம் இருக்கும். இவ்வளவு நேரமாக என்னைக் குடைகிறீர்கள். என் தம்பி மூழ்கிக்கொண்டிருந்தபோது அந்த வேன்காரர்கள் ஏன் போனை எடுக்கவில்லை என்று இதுவரை ஒருவரையாவது விசாரித்தீர்களா?