எம்.டி. கூப்பிடற வரைக்கும்

...அந்த ஓரத்துல உக்காராதீங்க தம்பி, பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும். மாத்தணும் மாத்தணும்னு ஒரு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன், எங்க கேக்கறேன்! இப்படித் தள்ளி வாங்க. உங்களை எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு? பன்னெண்டா? ஹூம்! எனக்கு ஒன்பது மணி. இன்னும் கூப்பிடல. இத்தனைக்கும் கம்பெனி என்னோடது.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான். வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல, பாட்டில் மூடி படம் போட்டு? அது நான் வரைஞ்சது. பதினேழு வருஷமா இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்தவ. இப்ப இந்தப் பக்கம் உக்காந்து என் கதவையே நான் வெறிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்.

எல்லாம் என் நாத்தனாரால வந்தது. அவ எம்.பி.ஏ.! அதைப் படிச்சுட்டு என்ன பண்றான்னு கேளுங்க... ஃப்ரிட்ஜ் கதவுல சார்ட் ஒட்டியிருக்கா. வீட்டுல யார் எப்ப பல்லு தேய்க்கணும்னு அம்புக்குறி போட்டு! அவ சொல்றா, "அண்ணி, உங்க கம்பெனி ஏதோ குருட்டாம்போக்குல ஓடுது. முறையாப் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்பீங்க." நான் எங்கம்மா போறது, எனக்கு பாட்டில் மூடி செஞ்சு அனுப்பணும்! ஆனா அந்த வார்த்தை இருக்கு பாருங்க, உள்ள போயி உக்காந்துக்கிச்சு. மெஷின் சத்தத்துலயும் கேக்குது.

சரின்னு அப்ளிகேஷன் வாங்கினேன். ரெண்டு வருஷப் படிப்பு, வாரத்துல நாலு நாள், அதுவும் பகல்ல. போறதா, வேணாமா... ஒரு நாள் போகலாம்னு தோணும், மறுநாள் வேணாம்னு தோணும். இதுல கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம், 'மேலதிகாரியின் சம்மதம்'னு. எனக்கு யாரு மேலதிகாரி? காலேஜ் கவுண்டர்ல போயி, "நான்தாம்மா முதலாளி"ன்னேன். அந்தப் பொண்ணு நிமிந்துகூடப் பாக்கல. "அப்ப உங்க முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க"ன்னுட்டா!

ரெண்டே நாளைக்கு யாரையாவது எம்.டி. ஆக்கிட்டா என்னன்னு தோணிச்சு. எங்க ஸ்டோர் கீப்பர் இருக்காரே, அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். லெட்டர்ஹெட்ல ஆர்டர் அடிச்சு, கம்பெனி ரப்பர் ஸ்டாம்பையும் கையில குடுத்தேன். எதுவரைக்கும்னு தேதி போட மறந்துட்டேன். அது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, ஆளை யோசிக்காம விட்டது. பழைய ஸ்க்ரூவைக் கொண்டாந்தாத்தான் புது ஸ்க்ரூ குடுக்கற மனுஷன் அவரு. துடைப்பம் வேணும்னா நானே சீட்டு எழுதணும்!

பாரத்தை நீட்டி, "ஒரு கையெழுத்து, சார்"னேன். சார்னு சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் தம்பி, அவரு அதை எடுத்து வச்சுக்கிட்டாரு! கண்ணாடியைப் போட்டு வரி வரியாப் படிச்சாரு. "பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி மாத்து கையில இருக்கணும். வெளிய உக்காருங்க"ன்னாரு. ஆச்சு, நாலு நாள். "ஆர்டரை ரத்து பண்றேன்"னேன். "தாராளமாப் பண்ணலாம், எம்.டி. கையெழுத்து வேணும்"ங்கறாரு! இன்னிக்கு சாயங்காலம் நாலு மணியோட அப்ளிகேஷன் கடைசி.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன... "நீங்க இல்லாம இந்தக் கம்பெனி ஒரு நாள் ஓடாதும்மா"ன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அங்கேயே பாரத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். மாத்து வேணுமாமே மாத்து! நான் என்ன ஸ்க்ரூவா? மெஷின் பாட்டுக்கு தட்டு தட்டுனு ஓடுது. நான் வெளிய உக்காந்திருக்கறது அதுக்குத் தெரியவே இல்ல. நடுநடுவுல நான் எந்திரிச்சுப் போயி மூடியைத் திருகிப் பாத்துட்டு வர்றேன், அது வேற விஷயம்... அழுகையா வருது தம்பி.

அது கெடக்கட்டும், நீங்க எதுக்கு வந்தீங்க? இன்டர்வியூவா! எந்த வேலைக்கு? என்னைக் கேக்காம யாரு போட்டா? எங்க, அந்த விளம்பரத்தைக் குடுங்க.

'ஒன்று: காலையில் கதவு திறக்கும் முன் வந்து நிற்பவர். இரண்டு: நூறு மூடிக்கு ஒன்றைக் கையால் திருகிப் பார்ப்பவர். மூன்று: விடுப்பு கேட்டால் முதலில் திட்டி, பிறகு கொடுத்து, சாயங்காலம் வீடு தேடிப் போய் நலம் விசாரிப்பவர். நான்கு: வேலையாட்களுக்குத் தூக்கம் வராதபடி நாள் முழுதும் ஓயாமல் பேசுபவர். ஆட்கள் நால்வர் தேவை. படிப்பு அவசியமில்லை.'

தம்பி... இது நான். நாலும் நான்தான்! எனக்கு மாத்து நாலு பேரா? வாயத் தொறந்து சொல்லாம, அந்த மனுஷன் எண்ணி எழுதியிருக்காரு பாருங்க... இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். படிப்பு அவசியமில்லையாம்! இதை அந்த ஃப்ரிட்ஜ் கதவுல கொண்டுபோயி ஒட்டணும்.

நீங்க இதுல எந்த வேலைக்கு? நாலாவதா? ஓயாமப் பேசறதுக்கா! வந்ததுலேருந்து கேட்டதுக்கு மேல நீங்க ஒரு வார்த்தை பேசலையே தம்பி?

அட, எங்க எந்திரிச்சுட்டீங்க? ஃபைலை எடுத்துக்கிட்டு... தம்பி! காலையில வந்த மூணு பேரும் இப்படித்தான், நான் பேசிக்கிட்டிருக்கும்போதே நைசாக் கெளம்பிப் போயிட்டாங்க. அவங்களும் இதுக்குத்தான்...? ஐயையோ!

பெல் அடிக்குது. யாராவது உள்ள போயாகணுமே...

இதோ வர்றேன் சார்! நாலு வேலைக்கும் நான் ஒருத்திதான் வந்திருக்கேன்.