சட்டமா அதிபருக்கு ஒரு துஆ

கல்முனை நீதிமன்றத்தடியில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். வழக்கு வாபஸாகி அவர் அன்றுதான் விடுதலையானது பேச்சில் தெரிந்தது.

“தொழுதுட்டு சட்டமா அதிபருக்கும் துஆக் கேட்டன்,” என்றாள் அவள்.

“எனக்கு வழக்குப் போட்டதே அவர்தானே புள்ள?”

“ஓம். வாபஸ் வாங்க ஏலுமான ஆளும் அவர்தான் என்டு லோயர் சொன்னார். வெள்ளக்காரன் காலத்துல ராணிட வக்கீல் என்டுதான் அவருக்குப் பேராம்.”

“இப்ப ராணி இல்லையே. ஆருட வக்கீலாம்?”

“நாட்டுச் சனத்துக்கெல்லாமாம். அதுக்குள்ள நீங்களும்தானே? உங்கட ஃபைலப் பாக்கக்குள்ள அவர்ட மனசு இளகட்டும் என்டு கேட்டன்.”

அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். சாய்ந்தமருது நெருங்கும்போது கேட்டார்.

“இனி அவருக்குக் கேக்கத் தேவையில்லதானே?”

“கேப்பன். உங்களோட உள்ள இருந்தவங்கட ஃபைலும் அவர்ட்டத்தானே கிடக்கு.”