இதுவா, மேலே இருக்கிறதா?

— தொடாதீங்க சார்! மவுஸ்ல இருந்து கையை எடுங்க.

— நான் ஒண்ணும் பண்ணலம்மா. ரெண்டு பட்டனைக் காட்டி வழிமறிச்சு நிக்குது. எம் பையன் யார்கிட்டப் பேசிட்டிருந்தான், எங்க போயிருப்பான்னு ஏதாவது கிடைக்குமான்னுதான் அவனோட கம்ப்யூட்டரை உன் ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு வந்தேன். இருபது நாளாச்சு. போன் ஆஃப். போலீஸ்லயும் எழுதிக் கொடுத்தாச்சு.

— அவரோட விளையாட்டைத் திறந்ததும் இது வந்துச்சு. சரியா?

— ஆமா. இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிறதா, மேலே இருக்கிறதா, எதை வச்சுக்கணும்னு கேக்குது. மேலேன்னா எங்க, மாடியிலயா?

— மாடி இல்ல சார். ஆடி முடிச்சதும் ஒரு நகல் விளையாட்டுக் கம்பெனியோட மெஷினுக்குப் போயிடும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா இருந்தாத்தான் இப்படிக் கேக்கும்.

— ஒண்ணை அமுக்கினா?

— இன்னொண்ணு அழிஞ்சிடும்.

— ஐயோ! மூணு வருஷமா அந்த விளையாட்டுக்குள்ள அவன் கட்டின ஊரும்மா அது. வந்து பார்த்து அதுவும் இல்லன்னா மறுபடி கிளம்பிடுவான். நீயே அமுக்கு. எனக்குப் பயமா இருக்கு.

— இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவர் சார் நீங்க, இதுக்கா பயம்?

— பஸ்ஸுக்கு பிரேக் இருக்கும்மா.

— இதுக்கும் இருக்கு. எதை அமுக்கறதுக்கு முன்னாடியும் ஒரு நகல் எடுத்துடணும். இங்க இருக்கிறதை இந்தப் பென் டிரைவ்ல போட்டாச்சு. இனிமே மேலே இருக்கிறதை வாங்கினாலும் இதுக்குத் திரும்பி வந்துடலாம். இப்பத் தேதியைப் பார்ப்போம். இங்க இருக்கிறது... போன ஞாயிறு மத்தியானம். யாரு ஆடினது?

— நான்தான். அப்படி என்னதான் கட்டி வச்சிருக்கான்னு பார்க்கப் போனேன். நடக்கத் தெரியாம கிணத்துல விழுந்தேன்.

— அப்ப நெட் இல்லையா?

— வீட்டுல லைன்... கட் ஆயிடுச்சு. அவன் போன அன்னிக்கு.

— அதான் நீங்க விழுந்தது மேலே போய்ச் சேரல. ஆனா ஒரு நிமிஷம் சார். இங்க மட்டும் மாறியிருந்தா, நெட் கிடைச்சதும் அது பாட்டுக்கு மேலே அனுப்பிட்டுப் பேசாம இருந்திருக்கும். உங்களைக் கேட்டிருக்காது.

— அப்படின்னா?

— மேலேயும் மாறியிருக்கணும்.

— அங்க என்ன தேதி? சொல்லும்மா!

— நேத்து. சாயங்காலம் ஆறு பத்து.

— நேத்தா! இரும்மா, உக்காந்துக்கறேன்.

— சார்? தண்ணி குடிங்க.

— வேற எவனாவது அவன் பாஸ்வேர்டைத் திருடிக்கூட உள்ள போயிருக்கலாம் இல்ல?

— இருக்கலாம். வேற எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர்ல உங்க பையன் பேர்ல திறந்திருக்காங்க, அது நிச்சயம். அவரேதானான்னு தெரியணும்னா மேலே இருக்கிறதைத்தான் வாங்கிப் பார்க்கணும். நகல் இருக்கு, பயப்படாதீங்க. அமுக்கட்டுமா?

— அமுக்கு.

— வந்துடுச்சு. இது யார் வீடு?

— எங்க வீடு. அதே பச்சைக் கதவு. வாசல்ல என்ன அது? ஞாயித்துக்கிழமை அங்க ஒண்ணும் இல்லையே!

— பஸ் சார். கட்டை கட்டையா அடுக்கியிருக்கார். ஒரு பக்கம் கண்ணாடி வைக்க மறந்துட்டார் போல.

— மறக்கலம்மா. இடது பக்கக் கண்ணாடி. போன மாசம் என் வண்டியில உடைஞ்சுது. வீட்டுலதான் சொல்லிப் புலம்பினேன், வெளியில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அவன்தான். அவனேதான்மா! எங்க இருக்கான்னு கேளு!

— இடமெல்லாம் காட்டாது சார். ஆனா எழுதி வைக்கலாம். இந்த ஊருக்குள்ள பலகை நட முடியும். பஸ்ஸுக்குப் பக்கத்துல ஒண்ணை நட்டு, சேமிச்சு, அது மேலே போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருந்து மூடுவோம். அடுத்த தடவை அவர் எங்க திறந்தாலும் அதுதான் முதல்ல கண்ணுல படும். என்ன எழுத, ‘வீட்டுக்கு வா’ன்னா?

— வேண்டாம். அந்த லைன் தானா கட் ஆகலம்மா. எழுது: ‘வயரைப் புடுங்கி எறிஞ்சது என் தப்பு. திரும்ப மாட்டிடறேன். அப்பா.’