ஐந்து ஃபேன் வைத்த பெட்டி

கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்புச் செய்கிறார்கள், மேடம். ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கையில் உள்ளதைக் கொட்டிவிட்டு, கேபினட்டைக் கடைசியில் எடுக்கிறார்கள். மிச்சக் காசுக்கு ஏதோ ஒரு தகரப் பெட்டி. உள்ளே இருப்பதெல்லாம் வெந்து சாகும். நான் கேபினட்டைத்தான் முதலில் எடுத்தேன். முன்பக்கம் முழுக்க வலை. காற்றை உள்ளே இழுக்க மூன்று ஃபேன், வெளியே தள்ள இரண்டு. குற்றம் அங்கேயே தொடங்கியது என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் மனதில் ஒன்றும் இல்லை.

என் பெயர் தங்கையன். அருமனைக்கு மேலே ரப்பர் வெட்டுகிறேன். எட்டாம் வகுப்பில் புத்தகத்தை வைத்துவிட்டு அப்பனின் வெட்டுக்கத்தியை எடுத்தவன். இவன் எப்படிக் கம்ப்யூட்டர் பாகம் தேர்ந்தெடுத்தான் என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கே வந்தது.

மனைவி பிந்து இன்ஜினியரிங் படித்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. துபாயில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு, கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலப் படமாக்கித் தருவாள். வேலை வீட்டிலிருந்தே. பழைய லேப்டாப்பில் ஒரு படம் வெந்து இறங்க ஒரு பகல் போகும். பெரிய மெஷின் ஒன்று வேண்டும், கடையிலேயே சேர்த்துத் தரச் சொல்லலாம் என்றாள்.

"கடைக்காரன் கண்டதையும் தலையில கெட்டுவான். நான் பாத்து எடுக்கேன்" என்றேன்.

"நிங்களா? ஃபோன்ல அலாரம் வைக்க என்னையில்லா விளிப்பிய?"

அந்த ஒரு பேச்சுக்காகப் படித்தேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஃபோன் பேசிக்கொண்டிருக்கும். எந்த ப்ராசஸருக்கு எந்த போர்டு, ராம் ஏன் ஜோடியாக வேண்டும், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஏன் கஞ்சத்தனம் கூடாது என்று யூடியூபில் ஒருவன் சொல்லச் சொல்ல நான் மரம் மரமாக நகர்வேன். எங்கள் தோட்டத்து மரங்களுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

களியக்காவிளையில் சிஜோவின் கடைக்குப் போனேன்.

"அண்ணே, வாருங்க. வெட்டு லைட்டு ரெண்டு கட தள்ளியாக்கும்."

"லைட்டு கெடக்கட்டும்லே. எண்ணூத்தம்பது வாட்டு எஸ்எம்பிஎஸ் இருக்கா? ஸ்டிக்கர்ல உள்ள வாட்டு இல்ல, உள்ளுக்க உள்ள வாட்டு."

சிஜோ ஸ்டூலை இழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு வெட்டு லைட் பேச்சு வரவில்லை. கேபினட்டைக் காட்டியபோது மட்டும் மறுபடி சிரித்தான்.

"அஞ்சு ஃபேனா? ரப்பர் ஷீட்டு உணத்துத புகைப்புரையா அண்ணே இது? ஏசி முறியில வைக்க எதுக்கு இம்பிடு காத்து?"

"மெஷினுக்கும் மூச்சு விடணும்லே."

பெரிய தத்துவம் பேசியது போல நின்றேன். நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் வைத்து நானே பூட்டினேன். ப்ராசஸருக்குப் பசை வைக்க யூடியூபை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தேன். பட்டைக்கு மேல் கத்தி வைக்க ஒருநாளும் யாரையும் கேட்காதவன். சுவிட்ச் போட்டதும் ஃபேன்கள் சுற்றின. ஜன்னல் கம்பியில் தொங்கிய கூட்டில் பிந்துவின் லவ் பேர்ட்ஸ் ரெண்டும் கத்தின. ஒரு பகல் எடுத்த படம் ஒரு சாயா குடித்து முடிக்குமுன் வெந்து வந்தது.

"நிங்க பெரிய ஆளாக்கும்" என்று பிந்து என் முதுகில் ஒரு அடி போட்டாள்.

அந்த மாதிரி ஒரு அடி எனக்கு அதற்கு முன் விழுந்ததில்லை, மேடம். விழுந்த அடியெல்லாம் வேறு வகை.

பிறகு ஒரு நாள் அவள் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். "அவருக்குக் கொறச்சு ரப்பர் உண்டு" என்றாள். பொய் இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது. நானும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். ஆனால் அந்தக் 'கொறச்சு' சோற்றில் கல் போலப் பல்லில் நின்றது.

அந்த வாரமே செய்தி வந்தது. படங்கள் வேகமாக வருகின்றன, கம்பெனிக்குச் சந்தோஷம். வருஷக் கடைசி வரை ஒரு படமும் பிந்தாமல் கொடுத்தால் கொச்சி ஆபீஸில் நிரந்தர வேலை, தங்க ஃபிளாட்.

"நாம ரெண்டுபேரும் போவலாம்" என்றாள்.

"அங்க எனக்கு என்ன ஜோலி?"

"சும்மா இருங்க. இத்தன வருஷம் வெட்டினது போரும்."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வேறு மாதிரிக் காதில் விழுந்தது. பத்தாவது மாடியில் ஒரு ஃபிளாட், ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு அதில் நான், குக்கர் விசில் எண்ணிக்கொண்டு. அவளைக் கொண்டுபோகப் போகிற வண்டியை நானே ஆணி ஆணியாகப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரன் கையில் விட்டிருந்தால் அவன் மட்டமாக ஒன்றைத் தலையில் கட்டியிருப்பான், அவள் வீட்டிலேயே இருந்திருப்பாள்.

மெஷின் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் யோசித்தது.

ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவோம். நிறையத் தண்ணீர் கலந்துதான். எங்கள் பக்கத்து வீடுகளில் அது உப்புப் போல, எப்போதும் இருக்கும். கலக்காத ஆசிட்டின் ஆவி செம்பைத் தின்னும். ஷீட் அடிக்கும் எங்கள் ஷெட்டில் பச்சை பூக்காத செம்புக் கம்பி கிடையாது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றி, பிந்துவின் மேசைக்கு அடியில், பெட்டியின் வலைக்கு முன்னால் வைத்தேன். ரப்பர் வெட்டுகிறவன் வீட்டில் பால் பிடிக்கும் சிரட்டை எங்கே கிடந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மற்றதை ஃபேன்கள் பார்த்துக்கொண்டன.

அன்றைக்கு பிந்து கேட்டாள்: "கிளிக்கூட்ட எதுக்குப் பசுத்தொழுத்துல கொண்டு மாட்டினிய?"

"ஏசி குளிரு அதுக்கு ஆவாது."

முதல் போர்டு சீக்கிரமே செத்தது. சிஜோ வாரண்டியில் மாற்றிக் கொடுத்தான். பிந்து ரெண்டு நாள் கண் மூடாமல் உட்கார்ந்து, பிந்திப்போன படத்தை நேரத்துக்கு அனுப்பிவிட்டாள். இரண்டாவது போர்டு சாகிற வழியாக இல்லை. நல்ல போர்டு. நான் விலையைப் பார்க்காமல் ஒரு படி மேலானதாகக் கேட்டு வாங்கியது. மட்டமானதாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்கும், அவள் நெஞ்சும் தப்பியிருக்கும். என் தேர்வு அப்படி.

அவளுக்கு இருமல் தொடங்கியது. கண் சிவந்து ஒழுகியது. டாக்டர் இழுப்பு என்று மருந்து கொடுத்தார். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். வைக்கக் குனியும்போது சிரட்டையையும் ஒரு பார்வை பார்ப்பேன்.

"இந்த முறியில என்னவோ எரியுது. நிங்களுக்கு மணம் அடிக்கலியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

அது உண்மை, மேடம். சின்ன வயதிலிருந்து ஆசிட்டில் கை முக்கியவனுக்கு மூக்கு செத்துப்போகும். மணம் தெரியாததால் ஆசிட் ஆறிப்போனது என்று நினைத்து மறுபடி ஊற்றினேன். பிறகு சிரட்டையை எடுத்துவிட்டு, பால் உறைய வைக்கும் தட்டையே வைத்தேன். ஜன்னலை ஏசிக்காக எப்போதும் அடைத்தே வைத்திருந்தோம். நான் ஓரத்தில் டேப்பும் ஒட்டினேன், குளிர் வெளியே போகாமல்.

"கொறச்சு நாள் வேலைய விடேன் பிந்து. ஒடம்பு கெட்டுப்போவும்" என்று சொல்லியும் பார்த்தேன். நல்ல கணவன் சொல்கிற பேச்சுத்தானே.

"இனி நாலு படம்தான். கொச்சில போய் ஒறங்கலாம்."

கடைசிப் படத்தையும் அனுப்பிவிட்டாள். நான் காப்பியோடு போனபோது கீபோர்டில் நெற்றியை வைத்துக் கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. திரையில் அவள் வரைந்த வீடு, நாலு பக்கமும் ஜன்னல் திறந்து கிடந்தது. ஐந்து ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு ஜீப்பில் கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். இப்போது மூச்சு விடுவது ஒரு மெஷின். கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஓடுகிறது, உள்ளே போகும் காற்றுக்கு ஃபில்ட்டர் உண்டு. யாரோ நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சிஜோ வந்தது அதற்கு மறுநாள். யுஎஸ்பி ஓட்டையில் பச்சை பூத்திருக்கிறது என்று பிந்து முன்பே அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது. அறைக் கதவைத் திறந்தவன் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"அண்ணே. இது ஆசிட்டுக்க மணமில்லா?"

"அப்பிடியா?"

"நான் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டு லைன்ல பொறந்தவனாக்கும். எனக்கு இந்த மணம் தெரியாதா?"

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய், டேப்பைக் கிழித்து முதலில் ஜன்னலைத் திறந்தான். பிறகுதான் மேசைக்கு அடியில் குனிந்தான். நிமிர்ந்தபோது என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. மெஷினைத் தொடாமல் இறங்கிப் போனான். அவன் நேராக உங்களிடம்தான் வருவான் என்று தெரிந்தும் நான் எங்கும் ஓடவில்லை. தட்டைக் கழுவி வைத்தேன்.

ஆக, ஆசிட் வைத்தது நான். ஊற்றி ஊற்றி வைத்ததும் நான். மெஷினைத்தான் கொல்ல நினைத்தேன், அவளை இல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்றே நம்பினேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது கிளிக்கூட்டைப் பற்றி. மணமே தெரியாதவன், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியவன், ஆசிட் வைத்த அன்று காலையிலேயே அதை எதற்குத் தொழுத்துக்கு மாற்றினான் என்று. குளிருக்குத்தான், மேடம். ஏசி அதற்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே ஓடியது, அப்போதெல்லாம் கூடு அங்கேதான் தொங்கியது என்கிறீர்கள். சரிதான். என்ன இருந்தாலும் பறவை, அதுக்கு நெஞ்சு சின்னது. ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் பிந்து தாங்கமாட்டாள். ரெண்டும் சுகமாக இருக்கின்றன. தினை வைத்துவிட்டுத்தான் உங்கள் ஜீப்பில் ஏறினேன்.