தண்ணீர் விடாமல் அறுத்த கற்கள்

மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஆறு மாதமாகியும் எண்களைத் தடுமாறாமல் சொல்ல வரவில்லை. ஜப்பானில் ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தால் வாழ்நாள் முழுக்க எரிமலைத் தீவுகளை ஆராயலாம் என்பதால் விடாமல் போகிறேன்.

நான் நிலவியல் ஆராய்ச்சி மாணவி. கடலடித் தரையின் ஒரு பகுதி இன்னொன்றின் கீழே அமிழும் இடங்களில் எரிமலைத் தீவுகள் வில்லைப் போல வளைந்து எழும். அந்தமானுக்குக் கிழக்கே அப்படி ஒரு வரிசையில் கப்பலிலிருந்து வாளி இறக்கிக் கற்களை அள்ளி வந்தோம். அவற்றில் ஊறிய உப்பை அளப்பதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீர் விட்டு அறுத்தால் உப்பு கரைந்துவிடும். தண்ணீர் விடாமல் அறுக்கப் பல்கலைக்கழகத்தில் அனுமதி தரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எனவே, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கல் அறுக்கும் இயந்திரத்தை வைத்தேன்.

முதலில் நானே அறுத்தேன். கோணலாகப் போயிற்று. என் கையின் மேல் எனக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. ஐயம்பேட்டையிலிருந்து கூலி வேலை செய்யும் பூவம்மாளை வரவழைத்தேன். அவள் கை நடுங்கவில்லை. மதியம் வெளியே வரும்போது தலையிலிருந்து புருவம் வரை வெள்ளையாக இருப்பாள்.

"பாரு பிரியாம்மா, பவுடர் போடாமலே சினிமாக்காரி ஆயிட்டேன்" என்று சிரிப்பாள்.

எதிர்வீட்டு முனிரத்தினம் காலையில் தறிக்கான பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டுபவர். ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமா, உன் கல்லுத் தூளு எங்க பாவு மேல வந்து படிஞ்சிக்கினு இருக்குது. இழை அறுந்தா நீயா வந்து முடி போடுவ?"

அவர் சொன்னது நியாயம். அன்றே பின்னறை ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் டேப் ஒட்டினேன். தூளையும் எடை பார்க்க வேண்டியிருந்ததால் மின்விசிறி போட முடியாது. பூவம்மாள் உள்ளே அறுத்தாள். நான் முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முகமூடியோடு எழுதினேன். தெருவில் அதன்பிறகு எந்தப் புகாரும் இல்லை. "படிச்ச பொண்ணு, சொன்னா புரிஞ்சிக்குது" என்று முனிரத்தினம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் வருடம் பூவம்மாள் இருமத் தொடங்கினாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன வேலைமா செய்யற?" என்று கேட்டார்.

அவளுக்கு இருமல் வந்தது. நான் பதில் சொன்னேன்.

"எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கறாங்க டாக்டர்."

அவர் காசநோய்க்கு மாத்திரை எழுதினார். ஷேர் ஆட்டோவில் பூவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு அறுக்கறேன்னு சொன்னா இந்த வேலைய வுட்டுடுன்னுவாரோன்னு பயந்துக்கினு இருந்தேன். நல்லவேளை, நீயே சமாளிச்சிட்ட."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நிதானமாக யோசித்தேன். அறுபட வேண்டிய கற்கள் பாதிக்கு மேல் இருந்தன. அவள் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள், கற்களையும் அறுத்தாள். இந்த ஆடியில் இறந்தாள். சாவுக்குப் போய் மாலை போட்டேன். காசநோய் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்: அவளைக் கொன்றது அந்தத் தூள், அந்த அறையை மூடியது நான், கேட்ட டாக்டரிடம் மறைத்ததும் நான். இதைச் சொல்லிவிட்டதில் மனது கொஞ்சம் இலேசாகிறது. என்னிடம் நேர்மை இல்லை என்று சொல்ல முடியாது.

மீதிக் கற்களை அறுக்க அவள் தங்கை அனு நாளைக் காலை வருகிறாள். அவளுக்கு ஒரு முகமூடி வாங்கித் தரவேண்டும் என்றுதான் இருக்கிறேன். அவள் முகத்துக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று தெரியாததால் இன்னும் வாங்கவில்லை.