சேற்றுக்கு விட்ட தண்ணீர்

தூசி எனக்கு ஆகாது. வேட்டியில் ஒரு புள்ளி பட்டாலும் மாற்றிவிடுவேன். அதனால், முத்தியால்பேட்டையில் என் காலிமனையில் கொட்டிய சேற்றின் மேல் நான் சாயங்காலம்தோறும் தண்ணீர் விட்டதை யாரும் தவறாக நினைக்கவில்லை. பெரியவர் தெருவுக்காகப் பார்க்கிறார் என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் ஏன் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர்.

2006-இல் வாய்க்காலைத் தூர்வாரினார்கள். பல காலம் சாயக்கழிவு படிந்த சேறு. கொட்ட இடம் தேடி வந்த ஒப்பந்தக்காரருக்கு நானே மனையைக் கொடுத்தேன். கூட வந்த பொறியாளர் விஜயராகவன் என்னைத் தனியே அழைத்து எச்சரித்தார்.

"தண்ணிக்கடியில கெடக்கற வரைக்கும் இதுல இருக்கற ரசாயனம் அடங்கி இருக்குங்க ஐயா. வெளிய எடுத்துப் போட்டா காத்துல கெளம்பும். காஞ்சா கொறையும். மறுபடி ஈரம் பட்டா மறுபடி கெளம்பும். சீக்கிரம் மண்ணு போட்டு மூடிடுங்க."

மூடிவிடுவதாகச் சொன்னேன்.

மனைக்கு மேற்கே, சுவரை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. அதில் என் மகள் கமலவேணி குடியிருந்தாள். எங்களைக் கேட்காமல் வைத்திக்குப்பத்து மீனவப் பையனைக் கட்டிக்கொண்டவள். ஊரில் எத்தனையோ வீடு இருக்க, அங்கே ஏன் வர வேண்டும்? அவன் கைலியோடு வாசலில் நிற்பதை என் உறவினர்கள் பார்க்க வேண்டும் என்றுதான். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட அதில் ஏதோ உள்நோக்கம் தெரிந்தது. தானாகவே காலிசெய்துகொண்டு போகட்டும் என்று நினைத்தேன். சண்டை போடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

கடற்காற்று கிழக்கேயிருந்து வீசும். சேறு காய்ந்து வெடிப்பு விட்டதும் குழாயைக் கையில் எடுத்தேன். அவள் பிள்ளை செம்மலுக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு என்பது எனக்குத் தெரியும். அவன் இருமுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். ஒருநாள் அவளே எட்டிப் பார்த்தாள்.

"தூசி அடங்கட்டும்னு ஊத்தறீங்களாப்பா? புள்ளைக்கு நல்லது."

அன்று கூடுதலாக ஒரு சுற்று விட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்பே பிள்ளை போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழவில்லை.

"வேற வீடு பாக்கலாம்னு அவரு தலபாடா அடிச்சிக்கிட்டாருப்பா. பக்கத்துல இருந்தா என்னிக்காவது நீங்க புள்ளயத் தூக்குவீங்கன்னு நான்தான் போவல."

என்ன கிளம்பும் என்று தெரிந்தேதான் ஈரமாக்கினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அவள் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.