எலுமிச்சைக்கு வெந்நீர்

பெரம்பலூரில் வேப்பந்தட்டை பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவளின் மடியில் ஓர் ஊறுகாய் பாட்டில்.

“வாடக வூட்டக் காலி பண்ண அன்னிக்கு, எலுமிச்ச மரத்துக்கு வெந்நி ஊத்திட்டேன்” என்றாள் அவள்.

“அய்யய்யோ! நீங்க வெச்ச மரமாச்சேக்கா?”

“நான் வெச்சதுதான். கடலப்புண்ணாக்க ஊற வெச்சு ஊத்துனேன். எலையத் திங்கிற புழுவக் கையால பொறுக்குனேன். மொதப் பூ விட்டுச்சு, உடனே மவன் குடி வரான், காலி பண்ணுங்கன்னுச்சு வூட்டுக்காரம்மா.”

“வந்தாரா?”

“எங்க வந்தான்? வூடு பூட்டித்தான் கெடக்கு. காய் பறிக்க மட்டும் அந்தம்மா வந்து தொறக்குது.”

“காயா? மரம் பட்டுப்போவலயா?”

“எங்கடி? கொதிக்கக் கொதிக்கத்தான் குண்டானத் தூக்கிட்டுப் போனேன். ஊத்தக் கை வரல. அங்கயே நின்னுட்டேன். தண்ணி ஆறிப்போச்சு. அதத்தான் ஊத்திட்டு வந்தேன்.”

பஸ் நகர்ந்தது. அவள் பாட்டிலை இளையவள் மடியில் வைத்தாள்.

“அந்த மரத்துல காய்ச்சதுதான். வழியில பாத்து, ஆசையா போட்டேன்னு குடுத்துச்சு அந்தம்மா. நீ கொண்டுபோ. எனக்கு எறங்காது.”